மாப்ள, முதல்ல வாலை முடி



மாப்ள, அமெரிக்காவுல இருந்து ஊர் வந்து பன்னெண்டு நாளாச்சு. கால் வீக்கம் வத்திட்டு. ஆறு மாசம் உன் கார் செட்டுல நின்னதுல காதுக்குள்ள இன்னும் 'டர்ர்ர்'ன்னு ஒரு சத்தம். உங்க அத்தை கூப்பிட்டா மட்டும் கேக்க மாட்டேங்கு. அது பழைய வியாதி, உன் மேல பழி போட மாட்டேன்.

அக்கா மவன்ங்கிற உரிமையில 'நீ, வா, போ'ன்னுதான் எழுதுதேன். மக புருசன்னு மரியாதை சேத்து எழுதினா கடுதாசி நீண்டுரும்.

டீக்கடையில ஒரே விசாரணை. "உம்ம மருமவன் ஏரோப்பிளேன் கட்டுதாராமே, எந்தக் கம்பெனியில?" "வேலை கம்ப்யூட்டர் கம்பெனியில. ஏரோப்பிளேன் வீட்டுல." "வீட்டுல எங்க?" "காரு நிக்கிற இடத்துல." "அப்போ காரு?" "மழையில நிக்கு." "எவ்வளவு முடிஞ்சிருக்கு?" "வாலு நடக்கு." "வாலு மட்டுமா? எத்தனை நாளா?" "பதினாலு மாசமா." அம்புட்டுதான். பெஞ்சுல இருந்தவன் ஒருத்தன் டீயைக் கீழ வச்சுட்டுக் கேட்டான்: "அண்ணாச்சி, அது அனுமார் வாலா?"

நான் உன்னை விட்டுக்குடுப்பனா? "எலே, அங்க சட்டப்படியே அப்படிக் கட்டலாம். பெட்டியில சாமான் வரும், இவன் கோத்து ஆணி அடிக்கணும். ஆயிரக்கணக்குல அப்படிப் பறக்குது"ன்னு அடிச்சுப் பேசிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து திண்ணையில உக்காந்ததும் எனக்கே சந்தேகம் வந்துட்டு. அதான் இந்தக் கடுதாசி.

கட்டாதேன்னு சொல்ல வரல. சொன்னா கேக்கிற ஆளா நீ? சின்னப்புள்ளையில எங்க வீட்டு ரேடியோவைக் கழத்திப் போட்டுட்டு, திருப்பி மாட்டினப்போ நாலு திருகாணி மிச்சம் வச்சவன். ரேடியோ பாடுச்சு, நான் மறுக்கல. ஆனா ரேடியோ தரையில இருந்து பாடுச்சு மாப்ள.

ஒரு ஞாயித்துக்கிழமை என்னை டேட்டனுக்குக் கூட்டிட்டுப் போயி ரைட் சகோதரர்க சைக்கிள் கடையைக் காட்டுனே. "பாருங்க மாமா, சைக்கிள் கடைக்காரங்கதான் உலகத்துலேயே முதல்ல இஞ்சின் விமானத்துல பறந்தவங்க. வெளிய இஞ்சின் கிடைக்கலன்னதும் கடை மெக்கானிக் சார்லி டெய்லரை வச்சுத் தாங்களே செஞ்சுக்கிட்டாங்க. 12 குதிரைச் சக்தி. 1903 டிசம்பர் 17ல 12 விநாடி, 120 அடி"ன்னு கண்ணு மினுங்கச் சொன்னே. எல்லாம் சரி. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கிடலன்னு அங்கனயே சொன்னாங்களே, அது மட்டும் உன் காதுல ஏறல. கார் செட்டுல ராத்திரி பதினொரு மணிக்குத் தகரம் தட்டினா "இன்னும் என்ன பண்ணுதீக?"ன்னு கேக்க அவங்களுக்கு ஆள் இல்ல. உனக்கு இருக்கு. பெத்தவன் நான் சொல்லுதேன், அவ ரொம்ப நாளைக்குக் கேக்க மட்டும் செய்ய மாட்டா.

நீ கட்டுறது ஆர்.வி.-7. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்து போறது. அந்த வகையறாவுல பதினோராயிரத்துக்கு மேல பறந்தாச்சுன்னு நீதான் சொன்னே. அப்போ செய்ய முடியாத காரியம் இல்ல. தகரத்துல ஓட்டை எல்லாம் கம்பெனியிலேயே கம்ப்யூட்டர் வச்சுப் போட்டு அனுப்புதான். ஓட்டைக்கு ஓட்டை சேந்தா விமானம் நேராத்தான் நிக்கும். "பொம்மை கோக்கிற மாதிரிதான் மாமா"ன்னு சொன்னே. பொம்மைக்கு ஓட்டை ஓட்டையா பிசிறு எடுக்கிறது உண்டா? ஒவ்வொரு துளை ஓரத்தையும் வழிச்சு வழிச்சு, விரல்ல தடவிப் பாத்து, மறுபடி வழிச்சு... ஒரு பிசிறை விட்டா அந்த இடத்துலதான் நாளைக்குக் கீறல் விட ஆரம்பிக்கும்னு சொன்னே. அந்த ஒரு காரியத்துல உன்னைக் குறை சொல்ல மாட்டேன். எங்க அய்யா கமலைக் கயித்தை இப்படித்தான் தினம் விரலால உருவிப் பாப்பாரு.

அப்புறம் அந்த ரிவிட். நம்ம ஊர்ல ஒருத்தனுக்கு ரிவிட் அடிக்கிறதுன்னா அர்த்தமே வேற. நீ அடிக்க வேண்டியது பத்தாயிரத்துக்கு மேல. அதுல பாதிக்குப் பின்னால இரும்புக் கட்டையைப் பிடிச்சு நிக்கிறது என் மக. நீ முன்னால துப்பாக்கி மாதிரி ஒண்ணை வச்சு 'டர்ர்'ங்கே, அவ கண்ணுக்குத் தெரியாத இடத்துல கையை விட்டுக் கட்டையை அணைச்சுக் குடுக்கா. ஆணி நசுங்கி, தண்டு தடிமன்ல ஒண்ணரை மடங்கு அகலம், அரை மடங்கு உசரம் நிக்கணுமாம். கொஞ்சம் சாஞ்சா "சரியாப் பிடிக்கலையா?"ன்னு நீ கேக்கே. "சரியா அடிக்கலையா?"ன்னு அவ கேக்கா. ஜாதகம் பாத்துக் கல்யாணம் முடிச்ச எனக்கு அப்பத்தான் உறைச்சது: பொருத்தம் பாக்குறவங்க நூறு ரிவிட் அடிக்க விட்டுல்லா பாக்கணும்.

கோணல் ஆணியைத் தோண்டி எடுக்கிறதுல ஒரு விசயம் பாத்தேன். நீ சுத்தத்துக்குப் பிறந்தவன். லேசாச் சாஞ்சாலும் துளை போட்டு எடுத்துருவே. எடுக்கையில ஓட்டை பெருசாகும். பெருசான ஓட்டைக்குப் பெரிய ஆணி. அதுவும் சாஞ்சா? சனிக்கிழமை விமானத் திடல்ல அப்பம் சுட்டுப் போட்டாங்களே, அங்க ஒரு கெழவர் உன்கிட்ட என்ன சொன்னாரு? கொஞ்சம் அழகில்லாத ஆணி இருந்துட்டுப் போட்டும், அதை எடுக்கப் போயி தகரத்தைக் கெடுக்காதேன்னுதானே? நீ தலையை ஆட்டிட்டு வீட்டுக்கு வந்து ஆறு ஆணியைத் தோண்டினே. தலையை ஆட்டுறதுல நீ எங்க அக்கா மாதிரியே.

அந்தக் கெழவங்க கூட்டம் எனக்குப் பிடிச்சிருந்தது. பாஷை தெரியாட்டியும் இஞ்சின் பாஷை பொதுதானே. ஒருத்தர் மரத்தால செஞ்ச பழைய மாதிரி விமானம் வச்சிருந்தாரு, மூக்குல ஃபோர்டு கார் இஞ்சின். மின்னசோட்டாவுல பீட்டன்போல்னு ஒரு மனுசன் அந்தக் காலத்துல வரைஞ்ச மாதிரியாம். நான் கையைத் தூக்கிக் கும்பிட்டேன். அவரு திருப்பிக் கும்பிட்டாரு. இன்னொருத்தர் ரெக்கையைக் கட்டிட்டு இருபது வருசமாச் சுவத்துல தொங்கவிட்டிருக்காராம். அதுல இப்போ துணி காயுதாம். அவரு சம்சாரம் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அந்தச் சிரிப்பை நான் நல்லாப் பாத்தேன். நீயும் பாத்திருக்கணும்.

ஜூலைக் கடைசியில ஆஷ்கோஷுக்குக் கூட்டிட்டுப் போனியே, அது திருவிழா. பத்தாயிரத்துக்கு மேல விமானம் வந்து இறங்குதுன்னா நம்ம ஊர்க் கொடைக்கு வண்டி கட்டி வந்த காலம் ஞாபகம் வருது. ரெக்கைக்குக் கீழ கூடாரம் அடிச்சு, அடுப்பு வச்சு, குடும்பத்தோட கிடக்காங்க. 1953ல பொபெரெஸ்னின்னு ஒருத்தர் மில்வாக்கிப் பக்கம் சில பேரைச் சேத்து ஆரம்பிச்ச சங்கமாம். நீ அங்க என்ன செஞ்சே? ஒவ்வொரு விமானத்துக்கும் பக்கத்துல குனிஞ்சு நின்னு அடுத்தவன் ஆணியை எண்ணினே. பொண்ணு பாக்கப் போன இடத்துல வீட்டுத் தூணைத் தட்டிப் பாக்குறவன் மாதிரி. போகட்டும். ஆனா திரும்பி வரையில மூணு காரியம் பேசினே: முன்னால வைக்கிற டி.வி. மாதிரித் திரை எது வாங்கலாம், வண்ணம் நீலமா செவப்பா, மூணாவது பிரைமர்.

பிரைமர் சண்டை நம்ம ஊர் வடகலை தென்கலைச் சண்டைக்குக் குறைஞ்சதில்ல. தகரத்துக்கு உள்பக்கம் அரிச்சுப் போகாம ஒரு பூச்சு அடிக்கணுமா, வேண்டாமா? அடிக்கணும்னு ஒரு கட்சி. மேலயே பூச்சோடதான் தகரம் வருது, வீண் எடைன்னு ஒரு கட்சி. ஆனைக்கு எந்த நாமம் போடுறதுன்னு அவங்க அடிச்சுக்கட்டும். உன் ஆனை இன்னும் வாலோட நிக்கு மாப்ள. தும்பிக்கைக்கு இப்பவே நாமம் குழைக்காத.

உன் சிநேகிதன் செட்டுல பெட்ரோல் டேங்க் அடைச்சதையும் பாத்தேன். ரெக்கையோட முன் ஓரமேதான் டேங்கு. ஒழுகாம இருக்கக் கறுப்பா ஒரு பசை தடவுதான். அழுகின முட்டை நாத்தம். கையில, முழங்கையில, அவன் பொண்டாட்டி வளத்த பூனை மேல எல்லாம் பசை. அப்புறம் டேங்கைக் காத்து போகாம மூடி, ஒரு பலூனை மாட்டி ஊதிவிட்டுட்டு ராத்திரி முழுக்கக் காத்திருக்கான். காலையில பலூன் தொங்கியிருந்தா எங்கயோ ஓட்டை. சோப்புத் தண்ணி தடவித் தேடணும். இதுக்கு இஞ்சினீயர் படிப்பு எதுக்கு? நம்ம சைக்கிள் கடைப் பையன் தொட்டித் தண்ணியில ட்யூபை முக்கிக் கண்டுபிடிச்சிருவான். அமெரிக்காக்காரன் பலூன்ங்கான், அம்புட்டுதான் வித்தியாசம்.

அதே சிநேகிதன் நவம்பர்ல கண்ணாடிக் கூரை வெட்டினான். அது குளிர்ல வெட்டினா விரிசல் விடுமாம். செட்டுக்குள்ள ரெண்டு ஹீட்டர் போட்டு, பேறுகால அறை மாதிரிச் சூடேத்தி, பத்துப் பேர் மூச்சைப் பிடிச்சு நிக்கையில வெட்டினான். நான் வாசல் பக்கம் ஸ்வெட்டரோட நடுங்கிக்கிட்டு நின்னேன். என்னை ஒருத்தனும் உள்ள கூப்பிடல. கதவு திறந்தா கண்ணாடிக்குக் குளிருமாம்.

துட்டு விசயம் பேசாம விட முடியாது. வால் பெட்டி சில ஆயிரம் டாலர்தான். அதுலதான் ஆளைப் பிடிக்கான். அடுத்து ரெக்கை, அடுத்து உடம்பு, அடுத்து மிச்சச் சாமான்னு தனித்தனிப் பெட்டி. இது எதுலயும் இஞ்சின் கிடையாது. புது இஞ்சின் மட்டும் 40,000 டாலரைத் தாண்டும். முன்னால சுத்துற விசிறிக்குத் தனி. ஆனை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுதவன் கதையைத்தான் நாம கேட்டிருக்கோம். இங்க அங்குசத்தைக் குடுத்துட்டு ஆனைக்கு அப்புறம் பில்லு போடுதான். இன்னொண்ணு: உனக்குப் பெட்டி அனுப்புற இந்தக் கம்பெனியே 2023 டிசம்பர்ல கோர்ட்டுல கடன் தாங்கலன்னு மனுப் போட்டுச்சுல்லா? அடுத்த வருசம் எந்திரிச்சுட்டு, சரிதான். ஆனா முன்பணம் கட்டியிருந்தவன் கூடுதல் விலை குடுத்துத்தான் பெட்டியை எடுத்தான். நாலு பெட்டிக்கும் சேத்து முன்கூட்டிக் கட்டினா விலை மிச்சம்னு நீ எனக்குக் கணக்குக் காட்டினே. கணக்கு சரி. ஆனா பருத்திக்கு முன்பணம் குடுத்த வீட்டுல பொறந்தவனுக்கு அந்தக் கணக்கு வயித்தைக் கலக்கும்.

பறக்கணும்னு மட்டும் ஆசைன்னா பழைய செஸ்னா ஒண்ணை வாங்கி நாளைக்கே பறக்கலாம். பால் வேணும்னா பால் வாங்கு. மாடு மேய்க்க ஆசைன்னா மாடு வாங்கு. மாட்டை வாங்கிட்டு, 'பால் எங்க, பால் எங்க'ன்னு பதினாலு மாசமா மடியைப் பாத்துக்கிட்டு நிக்காத.

நான் சொன்னா மாமன் புலம்பல்ம்பே. அவங்க சட்டமே அதைத்தான் சொல்லுது. நீதான் படிச்சுக் காட்டுனே: விமானத்துல பெரும்பங்கைக் கட்டுறவனே கட்டியிருக்கணும், அதுவும் தன் படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் கட்டியிருக்கணும். ஊர் வழக்குல 51 சதவீதம்ங்காங்க. பறக்கிறதைப் பத்தி அந்த வாக்கியத்துல பேச்சே இல்ல, பாத்தியா? சர்க்காரே உன்னை மாணவனாத்தான் வச்சிருக்கு. அதுக்கு ருசுவா வேலை செய்யச் செய்ய போட்டோ எடுத்து நோட்டுல எழுதி வைக்கணும். உன் நோட்டைப் புரட்டிப் பாத்தேன். முக்காவாசிப் போட்டோவுல தெரியுற கை வளையல் போட்டிருக்கு. அதிகாரி வந்து கணக்குப் பாத்தா 51 யார் பக்கம் விழும்னு யோசி. தயாரிப்பாளர்னு பேர் எழுதுற இடத்துல என் மக பேரை எழுதிட்டாருன்னா நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

கட்டி முடிச்சவனுக்கு ஒரு மரியாதை உண்டு, அதையும் சொல்லணும். அந்த ஒரு விமானத்துக்கு வருசாந்தரச் சோதனையை அவனே பண்ணிக்கிடலாம்னு சர்க்கார் கையெழுத்துப் போட்டுக் குடுக்கு. அடுத்தவன் கட்டினதை விலைக்கு வாங்கினவனுக்கு அந்தக் கையெழுத்து தன்னால வராது. நியாயந்தானே. புள்ளைக்கு எங்க வலிக்குதுன்னு பெத்தவளுக்குத்தானே தெரியும். கூடவே, ஏறுற இடத்துல 'எக்ஸ்பெரிமென்டல்'னு பெரிய எழுத்துல எழுதணும், வழக்கமான பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதில்லன்னு உள்ள ஒரு பலகையும் ஒட்டணும். உங்க அத்தை அதை எழுத்துக்கூட்டிப் படிச்சு அர்த்தம் கேட்டா. 'சும்மா அழகுக்கு'ன்னு சொல்லி வச்சிருக்கேன். எனக்கு ஒரு கடன் பட்டிருக்கே நீ.

இப்போ கொஞ்சம் விளையாட்டை விட்டுட்டுச் சொல்லுதேன். முதலாவது, வரைபடத்துல உள்ளதை உள்ளபடி கட்டு. ஜான் டென்வர்னு ஒரு பெரிய பாட்டுக்காரரு, 1997 அக்டோபர்ல கலிபோர்னியாவுல மாண்டரே கடல்ல விழுந்து செத்துப்போனாரே. அது வீட்டுல கட்டின விமானம், லாங்-ஈசி. அவரு கட்டினதில்ல, வாங்கினது. பெட்ரோல் டேங்கை மாத்துற கைப்பிடி வரைபடத்துல காலுக்கு நடுவுல இருக்கு. கட்டினவரு அதை இடது தோளுக்குப் பின்னால கொண்டுபோய் வச்சிருந்தாரு. ஆகாசத்துல அதைத் திருப்ப உடம்பையே திருப்பணும். திரும்புறப்போ கால் தன்னால மிதியை அமுக்கிரும். அப்படித்தான் நடந்திருக்கணும்னு விசாரணையில சொன்னாங்க. கட்டினவரு கெட்ட எண்ணத்துல செய்யல. நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சிருப்பாரு. நீ கார்ல காப்பி டம்ளர் வைக்க ஒரு வளையம் மாட்டினியே, பிரேக் போட்டா அது முழங்கால்ல இடிக்குதே, அந்த மாதிரி.

ரெண்டாவது, வண்டி செஞ்சு முடிக்குமுன்ன மாடு பிடிக்க மறந்துறாத. பெட்டி வந்த மாசத்துல இருந்து நீ ஒரு தடவை கூட விமானம் ஓட்டப் போகலன்னு என் மக சொன்னா. நேரமில்ல, துட்டு மிச்சம்ங்கியாம். ஆயிரத்து ஐந்நூறு மணி, ரெண்டாயிரம் மணி செலவழிச்சுக் கட்டிட்டு, கை துருப்பிடிச்சுப் போய் ஏறி உக்காருறவனைத்தான் எமன் முதல் வரிசையில நிப்பாட்டுதான். 2012ல அவங்க போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ஞ்சு சொன்னதும் அதேதானே: வீட்டுல கட்டின விமானத்துல இஞ்சின் நிக்கிறதும், ஓட்டுறவன் பிடி நழுவுறதும்தான் பெரிய காரணம், அதுவும் முதல் முதலாப் பறக்கிறப்போ, இல்லாட்டி புதுசா வாங்கினவன் கையில. பொதுவா முதல் 25 மணியோ 40 மணியோ, இஞ்சினைப் பொறுத்து, ஆள் ஏத்தாம, அவங்க காட்டுற எல்லைக்குள்ள தனியா ஓட்டிப் பாக்கச் சொல்லுதாங்க. அந்தத் தனிமைக்கு இப்பவே பழகிக்கோ. மாசம் ஒருதரம் போய் ஓட்டு. கட்டி முடியுற நேரத்துல, அதே மாதிரி விமானம் வச்சிருக்கிற வாத்தியார்கிட்ட நாலு பாடம் படி. சங்கத்துல இருந்து அனுபவப்பட்ட ஆள் வீட்டுக்கே வந்து வேலையைப் பாத்துச் சொல்லுவாராமே, காசும் வாங்க மாட்டாராம். அவரைக் கூப்பிட்டியா? கூப்பிட மாட்டே. வந்து கோணல் ஆணியைப் பாத்துருவாருன்னு பயம்.

இனி இஞ்சின் விசயம். நம்ம கிணத்து மேட்டுல தண்ணி இறைக்கிற இஞ்சின் நின்னா என்ன செய்வோம்? கெட்ட வார்த்தை நாலு சொல்லுவோம், பீடி பத்த வைப்போம், வடிகட்டியைக் கழத்தித் தூசி எடுப்போம். அதுக்குள்ள கத்திரிச்செடி செத்துராது. உன் இஞ்சின்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு பிளக்கு, ரெண்டு மேக்னெட்டோ வச்சிருக்கான், ஒண்ணு போனா ஒண்ணுன்னு. ஏன் அப்படி வச்சான்? மேல நின்னு பீடி பத்த வைக்க முடியாதுங்கிறதாலதான். பெட்ரோல் போற குழாயில ஒரு துணுக்கு அலுமினியத் தூள் கிடந்தா ரெண்டு பிளக்கும் சும்மாதான். அந்த வடிகட்டியை என் ஞாபகமா ஒவ்வொரு தடவையும் கழத்திப் பாரு.

சரி, வாலுக்கு வருவோம். சுக்கானோட பின் ஓரம் அலை அலையா வந்திருக்குன்னு போன வாரம் போன்ல சொன்னியாம். அதைத் தூக்கி மூலையில வச்சுட்டு ரெக்கைப் பெட்டிக்கு ஆர்டர் போடப் போறியாம். 'வால் அப்புறம் பாத்துக்கிடலாம்'ன்னியாம். மாப்ள, சுவத்துல தொங்குன ரெக்கையில துணி காயப்போட்டாங்களே, அந்த வீட்டுலயும் முதல்ல சொன்ன வார்த்தை இதுவாத்தான் இருக்கும்.

பொங்கலுக்கு நீங்க ரெண்டு பேரும் வருதீகன்னு உங்க அத்தை இப்பவே முறுக்குக்கு அரிசி இடிக்கச் சொல்லிட்டா. வர்றதுக்கு முன்னால அந்தப் பின் ஓரத்தை ஒரு நேர்கட்டை வச்சு நிமித்தி, வாலைச் சேத்து நிப்பாட்டி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. டீக்கடையில காட்ட வேண்டியது என் பொறுப்பு. போட்டோ வந்து சேர்ற வரைக்கும் ரெக்கைப் பெட்டிக்குக் காசு கட்டாத.